நாளை மறுநாள் முதல் தனி ஃபிளைட், பின்கதவு என் பொறுப்பு. வயிற்றைக் கலக்குகிறது

பாலக்கோடு_பறவை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். ஊர் பாலக்கோடு. அப்பாவுக்குத் தக்காளி மண்டியில் வேலை. கேபின் க்ரூ பயிற்சி முடித்து, சீனியர்களுக்குப் பின்னால் வால்போல் சில ஃபிளைட் போய், போன வாரம் செக் ஃபிளைட்டும் (கூட ஒருவர் வந்து நம் வேலையைச் சோதிக்கிற ஃபிளைட்) தேறிவிட்டேன். நாளை மறுநாள் விடிகாலை பெங்களூரு – குவாஹாட்டி – பெங்களூரு. தனி என்றதும் விமானத்தில் நான் ஒருத்தி மட்டும் என்று நினைக்க வேண்டாம், நாலு பேர் இருப்போம். ஆனால் இதுவரை என் தோளுக்குப் பின்னால் நின்று "அதைப் பார்த்தியா, இதைச் சொன்னியா" என்று கேட்ட அக்கா இந்தத் தடவை இல்லை. ஏ320 விமானம், பின்பக்க வலது கதவு என் கணக்கில்.

பயிற்சியில் எல்லாம் செய்திருக்கிறேன். அவசரத்தில் கதவிலிருந்து விரிகிற சறுக்கில் குதித்தேன், புகைக்குள் முகமூடி போட்டுக்கொண்டு தவழ்ந்தேன், நீச்சல் குளத்தில் லைஃப் ஜாக்கெட்டோடு ஆளை இழுத்தேன். எழுத்துத் தேர்விலும் நல்ல மார்க். இப்போது பார்த்தால் ஒன்றுமே தெரியாத மாதிரி இருக்கிறது. நேற்று இரவு தூக்கத்தில் "பெல்ட்டைக் கழட்டு, பையை விடு, இந்தப் பக்கம் வா" என்று கத்தினேனாம். அம்மா பயந்துபோய் நெற்றியில் விபூதி பூசிவிட்டு விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த வேலையில் இருக்கிறவர்கள், இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். முதல் நாள் கை கால் ஓடாமல் நின்றுவிட்டால் என்ன செய்வது? இன்னொன்று, பாலக்கோட்டிலிருந்து நேராக ஏர்போர்ட் போய்விடலாமா, முந்தின நாளே பெங்களூரு போய்த் தங்க வேண்டுமா? ரிப்போர்ட்டிங் காலை 4 மணி.

தொப்பூர்_டிரைவர்

ரெண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், முதல் கேள்வி என் லைசென்ஸில் வராது. நேராகப் போகாதே தங்கச்சி. வாரம் நாலு நாள் அந்த ரோட்டில் ஏர்போர்ட் சவாரி ஓட்டுகிறேன். ராத்திரியில் ரோடு காலி என்று நினைப்பாய், ஆனால் லாரி எல்லாம் அப்போதுதான் கிளம்பும். ஓசூர் தாண்டி அத்திப்பள்ளியில் ஒரு லாரி குறுக்கே நின்றால் போதும், ஊரே நிற்கும். ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளி நகரத்துக்கு வடக்கே, நாம் வருவதோ தெற்கிலிருந்து. பெங்களூருவை முழுசாகத் தாண்டித்தான் ஆக வேண்டும். முந்தின நாள் மத்தியானமே ரயிலோ பஸ்ஸோ பிடித்துப் போய், எலஹங்கா பக்கம் கூடப் படித்த பிள்ளைகள் யாராவது இருந்தால் அங்கே தங்கிக்கொள். தூங்காமல் போய்க் கதவைத் திறக்கிற வேலை வேண்டாம்.

ரோஜாத்தோட்டம்_ஓசூர்

ஏழு வருடம் பறந்தேன், இப்போது குழந்தைக்காக நிறுத்தியிருக்கிறேன். தங்கச்சி, தூக்கத்தில் கத்தினாய் என்றால் நல்ல சேதிதான், மண்டையில் பதிந்துவிட்டது என்று அர்த்தம். நான் முதல் மாதம் பல் தேய்க்கும்போதெல்லாம் அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

கை கால் ஓடாமல் நிற்பதைப் பற்றிக் கேட்டாய். அதற்குத்தான் சைலன்ட் ரிவ்யூ வைத்திருக்கிறார்கள். ஓடுபாதைக்குத் திரும்பியதும் ஜம்ப் சீட்டில் (கதவருகே நமக்கான மடக்கு இருக்கை) பெல்ட் மாட்டி, உள்ளங்கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு மனசுக்குள் ஓட்டிப் பார்: என் கதவு எது, எந்தப் பக்கம் திரும்பும், வெளியே தீ இருந்தால் எந்தக் கதவுக்கு அனுப்புவேன், உதவிக்கு யாரைக் கூப்பிடுவேன், என்ன சொல்லிக் கத்துவேன். முப்பது விநாடிகூட ஆகாது. கிளம்பிய முதல் 3 நிமிடம், இறங்குவதற்கு முந்தின 8 நிமிடம், இந்த ரெண்டிலும் வேறு எதையும் நினைக்காதே. நகப்பூச்சு, ராத்திரிச் சாப்பாடு, வீட்டு வாடகை எதுவும் வேண்டாம். பழைய பதற்றத்துக்கு உட்கார இடமே இருக்காது.

அப்புறம் சில்லறை விஷயங்கள். மது குடித்திருக்கிறோமா என்று மூச்சுப் பரிசோதனை இருக்கும், அன்றைக்கு மௌத்வாஷ் கொப்பளிக்காதே. (நான் முதல் நாள் அம்மா கொடுத்த கம்மங்கூழைக்கூடப் புளித்திருக்குமோ என்று பயந்து தொடவில்லை. அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.) சளி பிடித்திருந்தால் சொல்லிவிட்டு லீவு போடு, மூக்கடைப்போடு இறங்கும்போது காதில் ஊசி குத்துகிற மாதிரி வலிக்கும், சவ்வே கிழிந்துவிடலாம். இன்னொரு ஜோடி ஸ்டாக்கிங்ஸ் பையில் வை. முன்னால் வேலை செய்கிற லீடிடம் (க்ரூவுக்குத் தலைவர்) "இன்று எனக்கு முதல் தனி ஃபிளைட்" என்று, ஏறுமுன் நடக்கிற பிரீஃபிங்கிலேயே சொல்லிவிடு. மறைக்காதே. மறைத்தால்தான் ஆபத்து.

இப்போது உன் கதவுக்கு வருகிறேன். பின் வலதா? கேட்டரிங் லாரி வந்து முட்டுவது அந்தக் கதவில்தான். என் மூன்றாவது மாதத்தில், எந்த நிறுவனம் எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன், லாரிக்காரர் கண்ணாடியில் தட்டினார், நான் "டிஸ்ஆர்ம் பண்ணியாச்சு" (கதவைத் திறந்தாலும் சறுக்கு விரியாதபடி வைத்தாச்சு) என்று வாயால் சொன்னது ஞாபகம் இருந்தது, கை செய்ததா என்று பார்க்கவில்லை. கைப்பிடியைத் தூக்கினேன். மளமளவென்று சத்தம். சறுக்கு வெளியே விரிந்துவிட்டது. நல்லவேளை லாரி மேடையை இன்னும் ஒட்டவில்லை, ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விமானம் அங்கேயே நின்றது, அடுத்த ஃபிளைட்டுக்கு ஏற இருந்த 180 பேரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பதினைந்து நாள் தரையில் உட்கார வைத்தார்கள். நியாயம்தான்.

அதியமான்கோட்டை_ஸ்பேனர்

விமானப் பராமரிப்பில் இருக்கிறேன். ரோஜா அக்கா சொன்னதை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன், ஏனென்றால் இந்தக் கதவு பற்றிப் பாதிப் பேருக்குப் படம் பார்த்த அறிவுதான்.

ஏ320 கதவில் பெரிய கைப்பிடி ஒன்று, அது கதவைத் திறக்க. தனியாகச் சின்ன நெம்புகோல் ஒன்று, அது சறுக்கை ஆர்ம் செய்ய. டிஸ்ஆர்ம் நிலையில் அந்த நெம்புகோலில் ஒரு ஊசி செருகியிருக்கும், அதிலிருந்து சிவப்புப் பட்டை தொங்கும். கிளம்பும்போது ஊசியை உருவி அதற்கான இடத்தில் வைத்துவிட்டு நெம்புகோலைக் கீழே தள்ளினால் ஆர்ம். அதன்பிறகு உள்ளேயிருந்து கதவைத் திறந்தால் சறுக்கு சில விநாடியில் ஊதிவிடும், அவசரத்தில் அதுதான் உயிர் காக்கும். கதவில் சின்னச் சன்னல், அதன் கீழே ரெண்டு விளக்கு. ஆர்ம் ஆகியிருக்கும்போது கைப்பிடியை லேசாகத் தூக்கினால் வெள்ளை விளக்கு எரியும். எரிந்தால் அப்படியே நிறுத்து. சிவப்பு விளக்கு மினுக்கினால் உள்ளே இன்னும் காற்றழுத்தம் இருக்கிறது, அப்போதும் திறக்காதே. சிவப்புப் பட்டை தொங்குகிறதா என்று கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, அப்புறம் கைப்பிடி.

நடு வானத்தில் யாராவது பைத்தியக்காரன் கதவைத் திறந்துவிடுவானோ என்று பயப்படாதே. மேலே போனபிறகு உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு பக்கம். கதவு முழுவதற்கும் கணக்குப் போட்டால் டன் கணக்கில் வரும், பயில்வானாலும் அசைக்க முடியாது. தாழப் பறக்கும்போது கதை வேறு. 2023 மே மாதம் தென் கொரியாவில் ஒருவர், இறங்க இன்னும் 200 மீட்டர் உயரம் இருக்கும்போது ஏ321 கதவைத் திறந்தேவிட்டார். அதனால்தான் அந்த 8 நிமிடம் கண் கேபினில் இருக்க வேண்டும்.

மாங்காமண்டி

எல்லாம் சரி, யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் கிருஷ்ணகிரிக்காரன், வெளிப்படையாகக் கேட்கிறேன். படித்த பெண் பிள்ளை, கடைசியில் செய்வது தட்டில் சாண்ட்விச் வைத்துக் கொடுக்கிற வேலைதானே? அதற்கு இவ்வளவு விபூதி, தூக்கமின்மை எல்லாம் தேவையா. நம்ம பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சர்வர் இதைவிட வேகமாக நாலு தட்டைக் கையில் அடுக்கிக்கொண்டு வருவார்.

ரோஜாத்தோட்டம்_ஓசூர்

வருவார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவரை மதிக்கவும் செய்கிறேன். ஆனால் மண்டி அண்ணா, சாண்ட்விச் விற்கத்தான் ஆள் வேண்டும் என்றால் ரெண்டு பேர் போதுமே, ஏன் நாலு பேரை ஏற்றுகிறார்கள்? சட்டம் சாப்பாட்டைக் கணக்குப் பார்ப்பதில்லை, இருக்கையைத்தான் பார்க்கிறது. ஏறக்குறைய 50 இருக்கைக்கு ஒருவர். 180 சீட்டில் அன்றைக்கு 20 பேர் மட்டுமே ஏறினாலும் நாலு பேரும் போக வேண்டும். பாதிக் கதவு வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு மொத்தப் பேரையும் 90 விநாடிக்குள் இறக்க முடியும் என்று நிரூபித்தால்தான் அந்த வகை விமானத்துக்கே சான்றிதழ் கிடைக்கும்.

2024 ஜனவரி 2, டோக்கியோ ஹானேடா. இறங்கிய ஏ350 ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தில் மோதித் தீப்பிடித்தது. அந்தச் சின்ன விமானத்தில் ஐந்து பேர் போய்விட்டார்கள். பெரிய விமானத்தில் 379 பேர், ஒருவர் விடாமல் வெளியே வந்தார்கள். எட்டுக் கதவில் மூன்றுதான் பயன்பட்டது, அறிவிப்பு ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை, கையில் பிடிக்கிற மெகாஃபோனும் தொண்டையும்தான். எந்தக் கதவைத் திறக்கக் கூடாது என்று கண்ணாடி வழியாகத் தீயைப் பார்த்து முடிவு செய்ததும் சாண்ட்விச் கொடுத்த அதே ஆட்கள்தான்.

1986 செப்டம்பர் 5, கராச்சியில் கடத்தப்பட்ட விமானத்தில் பணிப்பெண் நீரஜா பனோட் பயணிகளைத் தப்ப வைக்கப் போய் உயிரை விட்டபோது வயது 22. அசோக சக்கரம் கொடுத்தார்கள். தட்டுக்காகக் கொடுத்ததில்லை.

மாங்காமண்டி

சரி சரி, ஒரு வரி கேட்டதற்கு ஒரு வகுப்பே எடுத்துவிட்டீர்கள். 90 விநாடி விஷயம் எனக்குத் தெரியாது.

பென்னாகரத்து_அப்பா

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், இதே ஆசை. சேலத்தில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், கட்டினால் வேலை உறுதி என்கிறார்கள். நிலக்கடலை விற்ற பணம் கையில் இருக்கிறது, கட்டலாமா? பாப்பாவுக்கும் வாழ்த்துகள், பயப்படாமல் போய் வாம்மா.

ரோஜாத்தோட்டம்_ஓசூர்

கட்டாதீர்கள் ஐயா. பன்னிரண்டாம் வகுப்பும் 18 வயதும் இருந்தால் நிறுவனங்கள் நடத்துகிற நேர்முகத்துக்கு நேராகவே போகலாம். தேர்வானபிறகு கதவு, தீ, முதலுதவி எல்லாவற்றையும் நிறுவனமே சொல்லிக் கொடுக்கும், வெளியே படித்த சான்றிதழ் அந்தப் பயிற்சிக்கு ஈடாகாது. "வேலை உறுதி" என்று யார் சொன்னாலும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், முகம் மாறும். அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை இங்கிலீஷ், ஹிந்தி பேசிப் பழகச் செலவழியுங்கள். நீச்சலும் பழகட்டும், நம்ம பக்கம் பிள்ளைகள் அங்கேதான் தடுமாறுகிறார்கள்.

பாலக்கோடு_பறவை

எல்லாருக்கும் நன்றி. பஸ்ஸில் இருக்கிறேன், ராயக்கோட்டை தாண்டிவிட்டது. அப்பா பஸ் ஏற்றிவிட்டுப் போகும்போது "பெட்டியைச் சரியாப் பிடிச்சாதான் தக்காளி நசுங்காது, அவ்வளவுதான்" என்றார். அவருக்கு இந்த வேலை பற்றித் தெரிந்தது அவ்வளவுதான், எனக்கு அது போதும். வந்து எழுதுகிறேன்.

தொப்பூர்_டிரைவர்

மூன்று நாள் ஆச்சு, ஆளைக் காணோமே?

பாலக்கோடு_பறவை

வந்துவிட்டேன் அண்ணா. மறுநாளே வேறு ஃபிளைட் போட்டுவிட்டார்கள், அதனால்தான் தாமதம். நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரீஃபிங்கில் லீடிடம் சொன்னேன். அந்த அக்கா சிரிக்காமல், "நல்லது, அப்ப மயக்கம் போட்ட பயணிக்கு முதல்ல என்ன செய்வ?" என்று என்னைத்தான் முதல் கேள்வி கேட்டார். பதில் சொன்னேன். அந்தக் கேள்வி ஒன்றரை மணி நேரத்தில் நிஜமாக வரும் என்று அவருக்கும் தெரியாது.

கிளம்பினோம். சைலன்ட் ரிவ்யூ செய்தேன், ரோஜா அக்கா, நகப்பூச்சு ஞாபகம் வரவில்லை, உங்கள் சறுக்குதான் வந்தது. மேலே போய் பெல்ட் விளக்கு அணைந்ததும் கேலியில் வேலை. (வீட்டில் கேலி என்றதும் தம்பி யாரை யார் கேலி செய்கிறார்கள் என்றான். விமானத்து அடுப்படிக்குத்தான் அந்தப் பெயர்.) இடது பக்க அக்கா வண்டியைத் தள்ளிக்கொண்டு நடுவரைக்கும் போய்விட்டார். பின்னால் நான் மட்டும், கப் உப்புமாவுக்கு வெந்நீர் பிடித்துக்கொண்டு.

கடைசிக்கு முந்தின வரிசையில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், டாய்லெட்டுக்கு வர எழுந்தான். ரெண்டு எட்டு வைத்தான், முகம் வெளுத்தது, அப்படியே சரிந்தான். நான் கப்பை எங்கே வைத்தேன் என்று இன்னும் ஞாபகம் இல்லை, கீழே கொட்டவில்லை என்பது மட்டும் தெரியும். தலை சீட் கம்பியில் இடிக்குமுன் தோளைப் பிடித்துவிட்டேன். மூச்சு இருக்கிறதா பார்த்தேன், இருந்தது. மல்லாக்கப் படுக்க வைத்து, காலைத் தூக்கி ஒரு பையின் மேல் வைத்து, காலர் பட்டனைக் கழட்டி, எதிர்ச் சீட்டுக்காரரிடம் மேலே இருக்கிற, க்ரூவைக் கூப்பிடுகிற பட்டனை அமுக்கச் சொன்னேன். சுற்றி எல்லாரும் தண்ணீர் கொடு, தண்ணீர் கொடு என்கிறார்கள். நினைவில்லாதவன் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும், கூடாது என்று கையால் தடுத்தேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது, எங்கள் பி.டி. டீச்சர் மாதிரி.

வண்டி தள்ளிப்போன அக்கா திரும்பி வந்தார், ஆக்சிஜன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார், நான் மாஸ்க்கைப் பிடித்தேன். லீட் டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று அறிவித்தார், ஒரு பல் டாக்டர் வந்து நாடி பார்த்து, செய்ததே சரி என்று சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பையன் கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான். ஹிந்தியில் பெயர் கேட்டேன். அவன் என் சட்டையில் இருந்த பெயர்ப் பட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "அக்கா, தமிழா?" என்றான்.

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை, அசாம் பையன், ரெண்டு வருடமாக இருக்கிறானாம். முதல் தடவை விமானம். முந்தின நாள் நைட் ஷிஃப்ட் முடித்து, தூங்காமல், ஏர்போர்ட்டில் சாப்பாட்டு விலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சாப்பிடாமல் ஏறியிருக்கிறான். நன்றாகத் தெளிந்து உட்கார்ந்தபிறகு ஜூஸ் கொடுத்தேன். அவனோடு வந்த இன்னொரு பையன் அதுவரை பேசாமல் நின்றவன் என் காதருகில் குனிந்து ரொம்ப மெதுவாகக் கேட்டான்: "அக்கா, அந்த ஆக்சிஜனுக்கு எவ்வளவு காசு?"

எங்கள் ஃபிளைட்டில் உப்புமாவுக்குக் காசு, டீக்குக் காசு. அவன் கேட்டதில் தப்பே இல்லை. காசு இல்லடா என்றேன். அவன் பர்ஸை மூடின வேகத்தைப் பார்த்தபோதுதான் அழுகை வந்தது, கேலித் திரைக்குப் பின்னால் போய் அரை நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.

குவாஹாட்டியில் இறங்கும்போது ரெண்டு பேரும் பின்படியில் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வரும்போது ஒரு சம்பவமும் இல்லை. பெங்களூருவில் நின்றதும் லாரிக்காரர் கண்ணாடியில் தட்டினார். ஊசி செருகியாச்சு, இடது பக்க அக்கா குறுக்கே வந்து சரிபார்த்தாச்சு. இருந்தாலும் சிவப்புப் பட்டையை விரலால் தொட்டேன், ரெண்டு தடவை. அவர் வெளியே வாட்ச்சைக் காட்டுகிறார். காட்டட்டும்.

ரோஜாத்தோட்டம்_ஓசூர்

மூன்றாவது தடவையும் தொட்டிருந்தால் தப்பில்லை. அரை நிமிடம் திரைக்குப் பின்னால் நின்றாயே, எல்லாரும் அங்கே நின்றவர்கள்தான். சம்பவ அறிக்கை அன்றைக்கே எழுதிக் கொடுத்தாயா? பயன்படுத்திய பாட்டிலை லாக் புத்தகத்தில் ஏற்றினீர்களா?

பாலக்கோடு_பறவை

ரெண்டும் செய்தாச்சு அக்கா. லீட் பக்கத்தில் நின்று எழுத வைத்தார். "நினைவு திரும்பிய நேரம்" என்ற கட்டத்தில்தான் மாட்டினேன், நான் வாட்ச்சே பார்க்கவில்லை. பல் டாக்டர்தான் சொன்னார்.

அதியமான்கோட்டை_ஸ்பேனர்

அடுத்த தடவை ஆள் சரிந்ததும் முதலில் வாட்ச். மற்றபடி பிரமாதம்.

மாங்காமண்டி

பாப்பா, முதல் நாள் நான் சொன்னது கொஞ்சம் அதிகம்தான். அம்மாவிடம் சொல், சீசனில் ஒரு பெட்டி அல்போன்சா அனுப்புகிறேன், பாலக்கோடு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். அப்புறம் ஒரு சந்தேகம். டெல்லியில் என் மச்சான் வீட்டுக்குப் போகிறேன், முதல் தடவை விமானம். மாம்பழமும் நாலு கொப்பரையும் கொண்டு போகலாமா?

பாலக்கோடு_பறவை

மாம்பழம் தாராளமாக அண்ணா. கொப்பரை வேண்டாம், எண்ணெய்ப் பசை அதிகம், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கிற பொருள் என்று பட்டியலில் இருக்கிறது. பவர்பேங்க் இருந்தால் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். தயவுசெய்து சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

மாங்காமண்டி

ஆக்சிஜன் இலவசம்தானே?

பாலக்கோடு_பறவை

அண்ணா!!

தொப்பூர்_டிரைவர்

மண்டிக்காரரை ஏர்போர்ட்டில் நானே இறக்கிவிடுகிறேன், கொப்பரையை அத்திப்பள்ளியிலேயே பிடுங்கிக்கொள்கிறேன். தங்கச்சி, அடுத்தது எங்கே?

பாலக்கோடு_பறவை

நாளைக்கு ஸ்டாண்ட்பை அண்ணா, கூப்பிட்டால்தான் தெரியும். யூனிஃபார்ம் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறேன், உப்புமா கறை இன்னும் போகவில்லை. கொட்டவில்லை என்று சொன்னேனே, கொட்டியிருக்கிறது.